குடம் பதினைந்து ரூபாய்

இன்று நான் சமைக்கிறேன் என்று
சொன்னது வாய்தான்,
மூன்று நாளாய் அந்த வீட்டின்
நண்டும் ஊளிமீனும் தின்ற வாய்.

சரி, உன் கையைப் பார்ப்போம் என்றாள் ஜெனிட்டா.
திருப்பூரில் ஒரே செக்கிங் மேசையில்
எதிரெதிரே நின்று
பனியன் பிசிறு வெட்டியவர்கள் நாங்கள்.
கத்தரிக்கோல் பிடித்த கையைத்தான்
அவளுக்குத் தெரியும்.

எனக்கு வருவது ஒன்றே ஒன்று:
அரிசியும் பருப்பும் ஒன்றாய் வேகும்
எங்கள் பக்கத்துச் சோறு.
மீன் இல்லாமலா என்றான் சின்னவன்.
இல்லாமல்தான்.
அவன் அம்மா முகத்தைப் பார்த்தான்,
வீட்டில் யாருக்கோ காய்ச்சல் போல.

தெற்குவாடியில் கச்சான் வீசும் மாதம்.
அடுப்பை ஊதி அணைத்தது காற்று,
ஏற்ற ஏற்ற அணைத்தது,
யாருக்கோ பிறந்தநாள் என்று நினைத்துக்கொண்டு.
பழைய மீன்பெட்டியின் தெர்மாகோல் மூடியை
ஜன்னலுக்கு முட்டுக் கொடுத்தாள்.
நான் தாளிக்கும் முன்பே
அடுக்களை மணத்தது.

அரிசி களைந்தேன். கொட்டினேன்.
மறுபடி களைந்தேன். கொட்டினேன்.
மூன்றாம் தரம்
தண்ணீர் கண்ணாடியாய்த் தெளிய
பெருமையோடு நிமிர்ந்தேன்.
செம்பு குடத்தின் அடியில் இடித்தது.

ஜெனிட்டா ஒன்றும் சொல்லவில்லை.
குடத்துக்குள் ஒருமுறை எட்டிப் பார்த்தாள்,
பிறகு விலையைச் சொன்னாள்,
காய்கறி விலை சொல்வதைப் போல:
நீலக் குடம் நல்ல தண்ணி.
குடம் பதினைந்து.
லாரி திங்களும் வெள்ளியும்.

அன்று புதன்.

கொல்லையில் கிணறு இருக்கிறது.
குளிக்கலாம், துணி அலசலாம்.
பருப்பு மட்டும் அதற்கு மசியாது,
இருபது விசில் அடித்தாலும்
போட்டது போட்டபடி கிடக்கும்.

அவள் பக்கத்து வீட்டுக்குப் போனாள்.
செபஸ்தியம்மாளிடம் இரண்டு செம்பு வாங்கி
இடுப்போடு அணைத்து,
காற்றில் சிந்தாமல் நடந்து வந்தாள்.
வெள்ளிக்கிழமை திருப்ப வேண்டும்.
நான் வியாழன் ராத்திரியே
பஸ் ஏறிவிடுவேன்.

அப்புறம் என்ன சமைத்தேன் என்று
சரியாய் நினைவில்லை.
கை நடுங்கியது.
எங்கள் ஊர் நீட்டு மிளகாய்க் கணக்கில்
அவர்கள் முண்டு வத்தலைக் கிள்ளிப் போட்டேன்.
சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம்,
உப்பைக் கேட்டுக் கேட்டுப் போட்டேன்.

பெரியவள் இரண்டு கவளம் தின்றாள்.
ஜெனிட்டா என்னை ஓரக்கண்ணால் பார்த்தாள்:
ஒரே ஒரு கருவாடு சுடட்டுமா?
சுடு என்றேன்.
எனக்கும் ஒன்று என்றேன்.
சின்னவன் அதன்பிறகு
தட்டிலிருந்து தலை தூக்கவில்லை.

கடலுக்குப் போன ராயப்பனுக்கு
ஒரு பங்கு மூடி வைத்தோம்.

விடிவதற்கு முன் நாய் குரைத்தது.
நனைந்த கயிறு வாசலில் விழுந்தது.
பாயில் கண்மூடியபடி கேட்டேன்:
தட்டு எடுக்கும் சத்தம் இல்லை,
மூடி திறக்கும் சத்தம் மட்டும்.
நின்றுகொண்டே தின்கிற ஒருவனின் அவசரம்.
பிறகு கரண்டி
சட்டியின் அடியைச் சுரண்டியது.
நிறுத்தியது.
மறுபடி சுரண்டியது.

பிறகு குடத்தைச் சாய்த்தான்.
ஒரு சொட்டும் விழவில்லை.

தண்ணி எங்கடி என்றான், மெதுவாய்,
விருந்தாளி விழித்துவிடக் கூடாதென்று.

சோத்துக்குள்ளதான் இருந்துச்சு என்றாள் ஜெனிட்டா,
தூக்கத்திலேயே புரண்டு.
இப்பத்தான தின்னீக.