இரண்டே முக்கால்

குன்சான் துறைமுகச் சாலையில்
இரவு முழுக்க விளக்கணையாத கடை.
சனி தவிர எல்லா இரவும் என் முறை.
கதவு மணி இரண்டே முக்காலுக்கு அடித்தால்
அது தே-ஓ.

ஹெல்மெட்டைக் கழற்றும் முன்பே
கை மூன்றாவது தட்டுக்குப் போய்விடும்.
கறுப்பு உறை,
அதில் பல் தெரியச் சிரிக்கிற எரிமலை.
பின்பக்கம், எறும்பு படிக்கிற எழுத்தில்,
இரைப்பைக் கோளாறு உள்ளவர்கள் தவிர்க்கவும்.
அதற்கும் கீழே உப்புக் கணக்கு:
ஒரு நாளைக்கானது ஏறக்குறைய ஒரே கிண்ணத்தில்.
அவன் திருப்பிப் பார்த்ததில்லை.
நான் பார்த்திருக்கிறேன்,
மூன்று மணிக்கு மேல் இங்கே
படிக்க வேறென்ன இருக்கிறது.

வெந்நீர். மூன்று நிமிடம்.
கடைசியில் அந்தச் சிவப்புக் குழம்பு.
கிளறத் தொடங்கினாலே
கல்லாவில் நிற்கிற எனக்கு இருமல் வரும்.

முதல் வாய்க்கு, இவ்வளவுதானா என்கிற முகம்.
அடுத்ததில் காது மடல் சிவக்கும்.
பிறகு மூக்கு ஒழுகி, உச்சந்தலை வியர்த்து,
காலால் தரையைத் தட்டித் தட்டி
ஸ்ஸ்ஸ், ஹா, ஸ்ஸ்ஸ்.
வெளியே மைனஸ் பதினொன்று.
கண்ணாடிக்கு உள்பக்கம் ஒருவன்
தனக்குத் தானே கோடை செய்துகொண்டிருப்பான்.

"முப்பத்தேழு வீடு இன்னைக்கு" என்றான் ஒருநாள்,
"வாசல்ல வெச்சிட்டுப் போங்கறாங்க,
ஒரு கதவும் திறக்கல.
இது ஒண்ணுதான் என்னைத் திருப்பி அடிக்குது."

டிசம்பரில் ஒரு கிண்ணம்.
ஜனவரியில் இரண்டு, கூடுதல் குழம்போடு.
நாக்கு பழகிக்கொண்டே போனது;
வயிறு பழகவில்லை போல.
மேல்சட்டைப் பையில்
அமில மாத்திரை அட்டை நொறுங்கும் சத்தம்
சில்லறை தேடும்போதெல்லாம் கேட்டது.
பாலை நானே எடுத்து வைத்தேன்.
விற்கிறவளும் நான்,
அணைக்கிறவளும் நான்.

பிப்ரவரியில் பத்து நாள் மணி அடிக்கவில்லை.

பதினொன்றாம் நாள் வந்து
போனை நீட்டினான்:
இளஞ்சிவப்பு ஈரச் சுவர்,
நடுவில் விளிம்பு வெளுத்த குழி.
"என் உள்பக்கம்" என்றான்,
புது வீட்டைக் காட்டுகிறவன் போல.
ஏன் இப்படித் தின்றாய் என்று டாக்டர் கேட்டாராம்.
ருசிக்காக என்றானாம்.

காரம் ருசியே இல்லை.
வலி.
வலி தீர உடம்பு கொஞ்சம் கிறக்கம் தரும்.
அவன் வாங்கியது அந்தக் கூலியை.

அன்று அரிசிக் கஞ்சி வாங்கினான்.
சூடாக்கிக் கொடுத்தேன்.
மூன்றாவது தட்டைப் பார்த்தபடியே தின்றான்.
"ஒண்ணுமே நடக்கல" என்றான்.
மணி அடித்து மூடியது கதவு.

மூன்றரைக்கு
ஒரு கறுப்பு உறையை நான் பிரித்தேன்.
உதடு முதலில், பிறகு தொண்டை, பிறகு
பெயர் தெரியாத ஓர் இடம்.
கண் கொட்டியது.
வாடகைக்கா,
ஒன்றரை வருடமாகப் பேசாத அக்காவுக்கா,
எதற்கு எத்தனை சொட்டு என்று
பிரிக்க முடியாத அழுகை.
யாராவது கேட்டால்
காரம் என்று சொல்லித் தப்பிக்கலாம்.
ஆயிரத்தெண்ணூறு வொன்னுக்கு
இவ்வளவு மலிவான பொய்
இந்த ஊரில் வேறு எங்கும் கிடைக்காது.

ஐந்து மணிக்கு வயிறு பதில் சொன்னது.
பின்கட்டுக் கழிப்பறையில்
சுவரைப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தபோதுதான்
எனக்கு உறைத்தது,
உள்ளே போன தீ
வெளியேறும் வழியிலும் எரிக்கும் என்பது.

விடியும் முன் சரக்குப் பட்டியல்.
எரிமலைக்கு எதிரே எப்போதும் போல
பன்னிரண்டு.
அரிசிக் கஞ்சிக்கு எதிரே
நான்கை அடித்துவிட்டு
ஐந்து என்று எழுதினேன்.