குண்டூசி நட்ட இடம்

மின்தூக்கிக்குள் மூன்று முறை சொல்லிப் பார்த்தேன்.
முதலில் இருபத்து நான்கு வீடு.
முடியாதென்றால் ஐந்து.
அதுவும் முடியாதென்றால்
கோயில் சுவரும் அரசமரமும் மட்டும்.
இருபத்து மூன்றாம் மாடி வருவதற்குள்
முக்கால்வாசியை விட்டுக்கொடுத்திருந்தேன்.

பெரியப்பா மகன் மதியழகன் எழுந்து நின்று
"வாங்கக்கா" என்றான்.
நல்ல பிள்ளைதான்.
அம்மை கண்டபோது என் மடியில் கிடந்தவன்,
இதே செந்தூல் தண்டவாளத்து வீட்டில்.
இப்போது நோட்டீஸ் எல்லாம்
அவன் கையெழுத்தில்தான் வருகிறது.

அவன் முதுகுக்குப் பின்னால் நகரத்தின் வரைபடம்.
எங்கள் தெருவின்மேல்
சிவப்புத் தலையோடு ஒரு குண்டூசி.
நான் பேசப் பேச அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
ஊசி நிற்கிற அளவு இடம்
அங்கே இருக்கத்தான் செய்தது.

இருபத்து நான்கு. சிரித்தான்.
ஐந்து. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான்.
சுவரும் மரமும் என்றபோது
"மேலிடம், அக்கா" என்று கூரையைக் காட்டினான்.
அதற்கு மேலும் பதினோரு மாடி இருக்கிறதாம்.

ரயிலில் நின்றபடி
அந்தக் கருநிறத்தானை நினைத்துக்கொண்டு வந்தேன்.
நடக்காதென்று தெரிந்தே
ஊரைக் கேட்டு, பிறகு வீட்டைக் கேட்டு
சபைக்குள் நின்றவன்.
தெரிந்தவன் எதற்குப் போனான்?
ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று
நாளைக்கு யாரும் சொல்லாதிருக்கவா?
அப்படியென்றால் அது தூதில்லை, ரசீது.
நானும் ரசீதுக்குத்தான் போனேனா என்று
மஸ்ஜித் ஜாமெக்கில் வண்டி மாறும்வரை குடைந்தது.

இல்லை.
மேலே ஏறும்போது, பதினெட்டாம் மாடியருகே,
சரி என்பான் என்று நம்பினேன்.
ஒரு மாடி நேரம்.
அவனும் தேர் போகிற வழியில்
ஏதோ ஒரு வளைவில்
நம்பித்தான் இருப்பான்.

இரவு, பழைய வழக்கப்படி
விலக்க வேண்டியவர்களை விலக்கினோம்.
ஒன்பது மாதம் ஆகிவிட்ட ருக்குமணியை,
ரத்தம் சுத்திகரிக்கப் போகும் சின்னையாவை,
கோவிந்தம்மாளின் இரண்டு மாடுகளை.
மாட்டு லாரிக்கு எண்பது ரிங்கிட்,
முன்பணமாகவே வாங்கிக்கொண்டான்.
நான் மருந்துப் பெட்டி கட்டினேன்.
முப்பது வருடம் தாதியாக இருந்த கை.
பஞ்சை நமக்கு இவ்வளவு
அவர்களுக்கு இவ்வளவு என்று
பிரிக்க வரவில்லை.

விடிவதற்கு முன்பே எந்திரம் வந்துவிட்டது.
ஓட்டி வந்தவன் மதுரா தீவுப் பையன்,
இருபது வயதிருக்கும், கண் நிறையத் தூக்கம்.
எல்லாரும் கை கோத்து நின்றார்கள்.
நான் மட்டும் என் கையை உருவிக்கொண்டு
பொட்டலம் கட்டிய காப்பியோடு போனேன்.
மலாயில் கேட்டேன்:
குடித்து முடிக்கும்வரை அணைத்து வைப்பாயா?

அவன் திரும்பிப் பின்னால் நின்ற காரைப் பார்த்தான்.
மதியழகனின் கார்.
கண்ணாடி இறங்கவில்லை.

பையன் சாவியைத் திருப்பினான்.
சத்தம் நின்றதும் அரசமரத்தில் மைனாக்கள்.
அவ்வளவு நேரமும் கத்திக்கொண்டுதான் இருந்திருக்கின்றன.
ஸ்ட்ராவால் உறிஞ்சினான், மெதுவாக,
வேண்டுமென்றே மெதுவாக என்றுதான் நினைக்கிறேன்.
நான் மணி பார்க்கவில்லை.
அவன் கையில் அந்தப் பை
சுருங்கிக்கொண்டே வந்தது.