பத்துக்கு எத்தனை

சாதாரண தரக் கணித விடைத்தாள்கள் திருத்தி
மிஞ்சின சிவப்புப் பேனையால்தான்
எங்கள் கொப்பியிலும் புள்ளி போடுகிறேன்.
எண்பது பக்கம், கோடு போட்டது.
திகதி, போத்தல், நிறம், நுரை, வாசம், வாய்,
கடைசியில் பத்துக்கு எத்தனை.
அரைப் புள்ளி உண்டு. கால் புள்ளிக்குச் சண்டை உண்டு.

கோண்டாவில். சனி இரவு எட்டு மணி.
கேற்றைப் பூட்டி, முன் லைட்டை நிப்பாட்டி
குசினி மேசையில் மூன்று கிளாஸ்.
அதில் ஒன்று போன மாதம் வரை ஜாம் போத்தல்.

முதலாவது,
ரொறன்ரோவிலிருந்து நிமலராஜ்
பிள்ளையின் பம்பஸுக்குள் சுற்றிக் கொண்டுவந்த ஆப்பிள் சைடர்.
நிறம்: வைக்கோல் ஊறின தண்ணி.
நுரை: வந்தது, நிற்கவில்லை,
இரண்டு கிழமை லீவில் வந்தவனைப் போல.
நான் ஆறு.
டிலக்சன் எட்டரை.
"தகரத்தில ஆடு கீறியிருக்கெல்லோ அக்கா,
அதுக்கே ஒண்டு போடலாம்."

டிலக்சன் பக்கத்து வீடு. சோலர் பூட்டுகிற வேலை.
நாள் முழுக்கக் கூரைகளில் வெந்து வருபவன்
குளிர்ந்த எதற்கும் ஏழுக்குக் கீழே போடமாட்டான்.

இரண்டாவது நான் வடித்தது.
ஆறு விளாம்பழம், பனங்கற்கண்டு,
பேக்கரிக்காரன் கேள்வி கேட்காமல் தந்த ஈஸ்ற்.
நல்லூர்க் கொடி ஏறிய இருபத்தைந்து நாளும்
கொப்பியை மூடிவைத்து மரக்கறி சாப்பிட்டோம்.
அலுமாரிக்குக் கீழே போத்தல்களுக்கு விரதம் தெரியவில்லை.
தேருக்கு முதல்நாள் ஒன்று வெடித்தது.
அவரும் நானும் நிலத்தில் குப்புற,
கை தலைக்கு மேல்.
சோறு வாங்க வந்த டிலக்சன் வாசலில் நின்றபடி
"என்னக்கா, வழுக்கிப்போட்டுதோ?"
அவனுக்கு வயசு இருபத்தொன்று.
ஓமெண்டு சொன்னேன்.
தப்பின போத்தலுக்கு ஏழேகால்.

அவர் என்றது அருந்தவராசா, என் மனிசன்.
அவருடைய நிரலில் வாசம் என்ற பெட்டி
பக்கம் பக்கமாக வெறுமை.
மூன்று வருசமாயிற்று. காய்ச்சல் போனது,
போகும்போது மூக்கைக் கொண்டு போனது.
அடுப்பில் சூடை கருகக் கருகப் பேப்பர் வாசிப்பார்.
மண் மணக்குதோ என்று என்னைக் கேட்டுத்தான்
கொடியில் உடுப்பை எடுப்பார்.
மூடி திறக்கிற சத்தம்,
நாக்கில் குத்துகிற குத்து,
கிளாஸின் வியர்வை,
இவ்வளவையும் வைத்து "எட்டு" என்பார்.
சங்கத்துப் பனங்கள்ளுக்கும் எட்டு,
கொழும்பிலிருந்து பஸ்ஸில் வந்த
கோப்பி மணக்கிற கறுப்பு பியருக்கும் எட்டு.
இப்படித் திருத்துகிறவரை
அடுத்த வருசம் பரீட்சைத் திணைக்களம் கூப்பிடாது.

மூன்றாவது, உரும்பிராய் முந்திரிகை.
கழுவியதும் நசித்ததும் டிலக்சன்,
கால்களால் இல்லை என்று சத்தியம் செய்தவன்.
பார்வைக்கு நாவற்பழ நிறம், பெருமைப்படலாம்.
அருந்தவராசா கிளாஸை எடுத்தார்.
வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனார்.
நிப்பாட்டினார்.
முகம் ஒரு பக்கமாகச் சுருங்கியது.

"உது பூச்சியம்."
"ஏன்?"
"வினாகிரியில ஊறின சொக்ஸ்."

டிலக்சனின் கிளாஸ் பாதி வழியில் நின்றது.
நான் மணந்து பார்த்தேன்.
சொக்ஸ்தான். சந்தேகமே இல்லை.
ஒருவரும் ஒன்றும் பேசவில்லை.
பிரிட்ஜ் மட்டும் ஒருமுறை உறுமி அடங்கியது.

வெறும் பெட்டிக்குள் முதல்முறையாகப் பேனை இறங்கியது:
சொக்ஸ், வினாகிரி.
பக்கத்தில் பெரிய பூச்சியம்.
இருபது வருசமாக எத்தனை பிள்ளைகளுக்குப்
பூச்சியம் போட்டிருப்பேன்.
ஒன்றுக்கும் இப்படிக் கை நடுங்கியதில்லை.

கழுவி வைத்த கிளாஸில்
மிச்ச விளாம்பழத்தை ஊற்றிக் கொடுத்தேன்.
கண்ணை மூடி மணந்தார்.
திரும்ப மணந்தார்.
மூக்கு நுனியில் நுரை பட்டது.

"உதில ஒண்டும் தெரியேல்லையப்பா," என்றார்.
"எட்டுப் போடு."