அக்டோபரில் நட்ட கழிகள்

சூரியன் கடை சாத்தி ஒரு மாதமாகிறது.
நடுப்பகலில் ஒரு நீலம் எட்டிப்பார்க்கும்,
பாத்திரம் அலசிய தண்ணீர்போல.
கொஞ்ச நேரத்தில் அதுவும் வடிந்துவிடும்.

நார்வேயின் வடகோடி. கடலுக்கு மேலே ஒரு கணவாய்.
காற்று எழுந்தால்
யாரும் தனியாகக் கடக்கக் கூடாது இங்கே.
தடுப்புக் கம்பத்தில் கார்கள் காத்திருக்கும்.
பனி தள்ளும் லாரியிலிருந்து குன்வோர் இறங்கி
ஒவ்வொரு கண்ணாடியையும் தட்டுவாள்:
டீசல் இருக்கிறதா, கம்பளி இருக்கிறதா,
என் பின்விளக்கை மட்டும் பார்,
நான் நின்றால் நில்,
திரும்பாதே, இறங்காதே.
பத்தொன்பது வருடமாக
அவளுக்குத் தெரிந்த பிரசங்கம் இவ்வளவுதான்.

இன்று திருவருகையின் நான்காம் ஞாயிறு.
ஏழு வண்டிகள்.
மீன் லாரி ஒன்று,
இரவுப்பணி முடிந்து தூக்கம் சொக்கும் நர்ஸ் மாரெத்,
பின்சீட்டில் கிறிஸ்துமஸ் மரத்தை மடக்கித் திணித்த இருவர்,
பெயர் கேட்காத மூவர்,
முதல் காரில் போதகர் ஹால்வார்.
ஓர் ஆலயத்தில் ஆராதனை முடித்து
அடுத்ததற்கு ஓடுகிறார்.
பக்கத்து இருக்கையில் நம்பிக்கை பற்றிய நான்கு தாள்;
ஸ்டியரிங்கில் விரல்கள் நடுங்குகின்றன.
"உங்களுக்கு வழி தெரியுமல்லவா?"
"தெரியாது" என்றாள். "கழி தெரியும்.
ஒன்று தெரிந்தால் போதும்,
அங்கே போனால் அடுத்தது."

கழிகளை நட்டவள் அவள்தான்.
அக்டோபரில்,
சாலை காய்ந்து கிடந்தபோது,
வானம் துடைத்துவைத்ததுபோல் இருந்தபோது,
நாற்பது தப்படிக்கு ஒன்றாக,
தலையில் ஒளிர்பட்டை சுற்றி.
காரில் போனவர்கள் கையசைத்துச் சிரித்தார்கள்.
வெயிலில் குடை விற்பவளைப் பார்ப்பதுபோல.

இன்னொன்றும் உண்டு, அவள் யாரிடமும் சொல்லாதது.
மகன் எய்லிஃப் பேசிப் பதினான்கு மாதம்.
பங்குனி வெயிலுக்கு ஏங்கும் நாடல்ல இது என்றாலும்
வசந்தம் வந்தபோதுகூட
அவளுக்கு ஜெபம் வரவில்லை.
வாயைத் திறந்தால்
வானொலியில் அலைவரிசை தப்பிய இரைச்சல்.
ஆனாலும் சமையலறை ஜன்னலில்
காகித நட்சத்திரத்தை மாட்டினாள்.
அவன் ஆறு வயதில் மிதித்த முனை;
மேலே ஒட்டிய டேப் மஞ்சளாகிவிட்டது.

உச்சியில் அது நடந்தது.
முன்கண்ணாடி ஒரே வெள்ளை.
மேலும் இல்லை, கீழும் இல்லை.
அடுத்த கழியைக் காணோம்.
நிறுத்தினாள்.
பின்னால் ஏழு ஜோடி விளக்குகள்
ஒன்றன்பின் ஒன்றாய் நின்றன.
அவர்களுக்கு அவள் முதுகு இருக்கிறது.
அவளுக்கு?
துடைப்பான் இப்படியும் அப்படியும் போய்க்கொண்டிருந்தது.
"ஆண்டவரே" என்றாள்.
அதற்குமேல் வாக்கியம் வரவில்லை.
அதை அப்படியே விட்டுவைத்தாள்.

எவ்வளவு நேரம், தெரியாது.
காற்று மூச்சு மாற்றிய இடைவெளியில்
இடப்பக்கம், கை எட்டும் தூரத்தில்
ஒரு சின்ன மினுக்கம்.
அவள் தேடியது வலப்பக்கம்.
கொஞ்சம் நகர்ந்திருந்தால் பள்ளம்.
கழி அங்கேயேதான் நின்றிருந்தது,
அக்டோபரிலிருந்து,
இடுப்பளவு பனியில்,
நட்டவளே மறந்துபோன பிறகும்.

ஏழு ஏற்றினாள், ஏழு இறக்கினாள்.
மரம் கொண்டுபோனவர்கள் ஹார்ன் அடித்தார்கள்.
மாரெத் தூங்கிவிடாமல் இருக்கப் பாடிக்கொண்டே போனாள்.
போதகரின் ஆலயத்தில் அன்று ஐந்து பேர்.
தாள்களைக் காரிலேயே விட்டுவிட்டு
நான்காவது மெழுகுவர்த்தியைப் பற்றவைத்தார்.
திரி பிடிக்க மூன்று குச்சி செலவானது.
"நின்றால் நிற்க வேண்டும்" என்று மட்டும் சொன்னார்.
ஐவருக்கும் புரிந்ததா, தெரியவில்லை.

கிறிஸ்துமஸ் முன்மாலை.
ஊரெங்கும் மணியோசை.
லாரியின் இன்ஜினை அணைக்காமல்
கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றி
குன்வோர் தட்டச்சு செய்கிறாள்:
கணவாய் திறந்திருக்கிறது.
மூடினாலும் வா.
தடுப்புக் கம்பத்தில் நில்,
முன்னால் நான் போகிறேன்.

அனுப்பிவிட்டாள்.
பதிலுக்காகத் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை.
மறுபக்கத்தில் மூன்று கார்கள் காத்திருக்கின்றன.