எட்டாம் கட்டம்

பாரம் ஆறு பக்கம்.
தலைமையகத்து மெமோ ஒன்று மேலே குத்தியிருந்தது:
அணைப் பாதுகாப்பு மேற்பார்வைக் கட்டணம்,
முப்பதாம் தேதிக்குள்.

எங்கள் அணையை நாங்கள் அணை என்று சொன்னதில்லை.
மேல்குளம்.
ரப்பர் ஆலைக்காக வெள்ளைக்காரன் போட்ட மண்கரை,
இப்போது செம்பனை மில்லுக்குத் தண்ணீர் தருகிறது.
உயரம் பதினொரு மீட்டர் என்பதே
பழைய ஃபைலைப் புரட்டித்தான் தெரிந்தது,
இருபத்திரண்டு வருஷமாய்
அதற்குக் கீழேதான் துணி காயப்போடுகிறேன்.

கட்டம் ஒன்று, பெயர்: புக்கிட் செலாசே எஸ்டேட், இரண்டாம் பிரிவு.
ஐந்து: கசிவு உண்டா, எவ்வளவு?
கரையைப் பார்த்துக்கொள்ளும் ஞானசிகாமணியைக் கேட்டேன்.
'ஒன்றரை லிட்டர் போத்தல வெச்சா
பத்து நிமிஷத்துல நெறயும்.
மழைன்னா நாலு.'
கணக்குப் பண்ணி
மணிக்கு இத்தனை லிட்டர் என்று கௌரவமாய் எழுதினேன்.

எட்டு: உடைந்தால் கீழே
உயிரிழக்கக்கூடியவர்கள் எத்தனை பேர்?
பக்கத்தில் பொடி எழுத்தில்,
கட்டணம் இதைப் பொறுத்தது.

ஜாதகத்திலும் எட்டாமிடம்தான் ஆயுளாம்.

போன வருஷத்து நகலில்
எனக்கு முந்திய கிராணியின் உருண்டை எழுத்து:
இல்லை.
இல்லை என்றால் ஆயிரத்து எண்ணூறு ரிங்கிட்.
நூறு பேரைத் தாண்டினால் பதினாலாயிரத்து ஐந்நூறு.

பொய் என்றும் சொல்லிவிட முடியாது.
கம்பெனி வரைபடத்தில் நாலு லயமும் பச்சை,
கன்று நடவேண்டிய இடம்.
மின்சாரத்தை வெட்டியாயிற்று, மீட்டரைக் கழற்றியாயிற்று,
வெளியேறச் சொல்லி ஓலை வந்து
வழக்கு ஐந்தாவது வருஷம் நடக்கிறது.
அங்கே யாரும் இல்லை என்பதுதான்
கோர்ட்டில் கம்பெனியின் வாதம்.

'பழையதையே காப்பி பண்ணு, குணா' என்று
கடைசிப் பக்கத்தில் முதலில் கையெழுத்துப் போட்டுவிட்டு
என்சிக் ஹஃபிசுடின் சண்டாக்கான் விமானத்துக்கு ஓடினார்.

சாயந்தரம் நான் போய் எண்ணினேன்.
முப்பத்தொரு வீடு.
வேணுகானன் வீட்டில் ஏழு பேர், ஆறு பாய்.
கடைசி லயத்தில் ரஃபீக்குலும் நாலு கூட்டாளிகளும்.
'அக்கா, எங்களுக்குப் பெர்மிட் முடிஞ்சிருச்சே.'
தண்ணீர் பெர்மிட் கேட்காது என்று
அவர்களையும் சேர்த்தேன்.
என்னைச் சேர்த்தேன்.
அமுதநாயகிக்கு எட்டு மாசம்.
அவளை ஒன்றென்று போட்டு
பேனாவைக் கொஞ்ச நேரம் எடுக்காமல் வைத்திருந்தேன்,
நீலம் பரவி ஒரு பொட்டாயிற்று.

நூற்று முப்பத்தாறு.

ஆறு வாரம் கழித்து ரசீது வந்தது.
எனக்குக் காரணம் கேட்டுக் கடிதமும்,
அதே நாள், அதே தபால்காரர்.
ரசீதில் ஆபத்து வகை: உயர்வு.
அடியில் ஒரே ஒரு மலாய் வரி,
அணைக்குக் கீழே 136 பேர் வசிக்கின்றனர்.
அதன்மேல் அரசாங்க முத்திரை.

வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து
மறுபடி படித்தார்.
'வசிக்கின்றனர்னு போட்டிருக்கான்' என்றார்,
ஏதோ எனக்குத் தமிழ் சொல்லிக்கொடுப்பவர் மாதிரி.

பெக்கானில் லிம் கடையில்
முப்பத்தொரு போட்டோஸ்டெட், பக்கம் பத்து காசு.
செத்துப்போவோம் என்று எழுதிய தாளை
சனம் வரிசையில் நின்று வாங்கிப்போனது.
வேணுகானன் லெமினேட் பண்ணிக்கொண்டார்.

கட்டணம் கட்டினால் வந்து அடைப்பார்களா என்று
ஞானசிகாமணி கேட்டார்.
இது பார்ப்பதற்கான காசு,
அடைப்பதற்கு வேறு என்றேன்.
பார்க்க எப்போ வருவாங்க?
அது பாரத்தில் இல்லை.

நேற்று ராத்திரி முழுக்க மழை.
விடியுமுன் வந்து கதவைத் தட்டினார்,
கையில் போத்தல்,
கலங்கல்.
'மூணு நிமிஷம், குணா,
எழுதிக்கோ.'