தேசப்பன் எழுதும் எட்டு

போன ஆடியில் நண்டு மாதிரி இருந்தது,
காசிமேட்டு ஏலச் சீட்டில்
தேசப்பன் எழுதும் எட்டு.
இப்போது எறும்பு.
மை சரியில்லை என்றான்.
புதுப் பேனா வாங்கிக் கொடுத்தேன்.
அதிலும் எறும்பே.

நடந்தால் வலக்கை மட்டும் வீசாது,
கொடியில் கிடக்கும் ஈரச் சட்டைபோல.
முகத்தில் சிரிப்பும் இல்லை.
கோபமாக்கும் என்று
ஒரு வாரம் நானும் பேசவில்லை.

ஸ்டான்லியில் டோக்கன் நாற்பத்தொன்று.
நரம்பு டாக்டரம்மா
நடக்கச் சொன்னார், விரல் தட்டச் சொன்னார்,
பிறகு கேட்டார்:
"வாசனை தெரியுதா?"

ரெண்டு வருஷமாய்
அழுகின மத்திக் கூடையோரம்
இட்லி தின்றவன்.
பொறுமைசாலி என்றிருந்தோம்.

"கை நடுங்கவே இல்லையே, டாக்டர்?"
"எல்லாருக்கும் நடுக்கத்துலயே ஆரம்பிக்காதும்மா."

வெளியே மருந்துச் சீட்டைத் தூக்கிப் பார்த்து
"இதுவும் எறும்புதான்" என்றான்.
சிரித்தானா, தெரியவில்லை.