இரண்டு பொத்தான்

இஸ்ஹாக்கின் கொப்பியில் எழுத்து இல்லை.
பழைய சேர்ட் ஒன்றின் முன்பாதியை வெட்டி
அட்டையில் தைத்துக் கொடுத்திருக்கிறேன்:
ஐந்து பொத்தான், ஐந்து துளை.

"மூன்றாம் தவணை முடிவில் மாணவர்
மூன்று பொத்தான்களைத் தாமாகவே போடுவார்."
தை மாதம் நான்தான் எழுதினேன்
தனியாள் கல்வித் திட்டத்தில்,
நீலப் பேனையால், பெரிய நம்பிக்கையோடு.

வலய அலுவலகப் படிவத்தில்
"ஆசிரியரின் கடமைகள்" என்பதற்கு
ஒன்றரை வரி இடம்.
கற்பித்தல், மதிப்பிடல், பதிவு பேணல்
என்றதும் ஒரு வரி முடிந்துவிடும்.

மிச்ச அரை வரியில் எதைப் போட?
மணி அடித்தால் யதுர்ஷா
காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கடியில் போவாள்.
மணியின் நாக்குக்குச் சீலை சுற்றச் சொன்னேன்,
சுற்றினார் காவலாளி விமலதாச.
அன்று முழுப் பள்ளிக்கூடமும் பிந்தி வந்தது.
அதிபர் விளக்கம் கேட்டார். எழுதிக் கொடுத்தேன்.
கூடவே இன்னொரு கடிதமும்:
மணியை எங்கள் யன்னலை விட்டுத்
தூரத்து வேம்புக்கு மாற்றுங்கள்.
ஆறு கிழமையில் மாற்றினார்கள்.

சாய்தளம் கட்டிய மேசன்
சறுக்குமரம் என்று நினைத்தாரோ தெரியாது.
சக்கர நாற்காலியில் நானே ஏறி இருந்தேன்:
"தள்ளுங்கோ பாப்பம்."
பாதியில் மூச்சு வாங்கி நின்றார்,
மறுநாள் ஒன்றும் கதையாமல் இடித்தார்.

புரட்டாதியில் ஒரு திங்கள்
இஸ்ஹாக்கின் சேர்ட்டில் பொத்தானே இல்லை.
இருந்த இடமெல்லாம் வெல்க்ரோ.
இழுத்தால் சர் என்கிறது,
அவனுக்கோ சிரிப்புத் தாங்கவில்லை.
எனக்குக் கோபம்.
ஒன்பது மாதம், என்று தொடங்கினேன்.

அவன் உம்மா ஸுலைஹா
வாசலில் நின்றபடியே சொன்னார்:
"ஒரு பொத்தானுக்குப் பதினொரு நிமிஷம் டீச்சர்.
அஞ்சுக்கு அம்பத்தஞ்சு.
கிண்ணியாவுல ஆறு மணிக்கு பஸ்.
இவனுக்குக் கீழ ரெண்டு பேர்.
கணக்குப் பாத்துத்தான் வெட்டினேன்."

என் திட்டத்தில் பிள்ளை இருந்தான்,
விரல்கள் இருந்தன, துளைகள் இருந்தன.
விடிகாலை இருக்கவில்லை.

கதிரையெல்லாம் பிள்ளைகளின் உயரம்;
நிலத்தில் இருந்து பேரம் பேசினோம்.
பள்ளி நாளில் வெல்க்ரோ.
சனிக்கிழமை, பஸ் இல்லாத காலையில்,
பொத்தான் வைத்த சேர்ட்.
"மேல இருந்து தொடங்காதீங்க.
கழுத்துக்கிட்ட கை போனாக் கடிப்பான்."
தெரியும். மணிக்கட்டில் தழும்பு இருக்கிறது.
கீழிருந்து தொடங்கலாம் என்பதுதான்
எனக்குத் தோன்றவே இல்லை.
வேலியில் காயப்போட்ட வர்ணத்தாள் ஒன்றை
நகரத்து மான் தின்றுகொண்டிருந்தது.
நாங்கள் விரட்டவில்லை.

மார்கழி. கோட்டைப் பக்கம் கடல் தெரியாத மழை.
மேற்பார்வைக்கு வந்தவர் நல்ல மனிதர்.
இஸ்ஹாக் கீழ்ப் பொத்தானைப் போட்டான்.
அடுத்ததில் துளையைத் தவறவிட்டு
மின்விசிறியை வெகுநேரம் பார்த்து
திரும்பி வந்து
போட்டான்.
மூன்றாவதைத் தொட்டான்,
விட்டான்,
வாயாலேயே சர் என்றான்.

"கிட்டத்தட்ட மூன்றுதானே,
போடுங்களேன் டீச்சர்" என்றார் வந்தவர்.

அடுத்த வருடம் யார் கையில் இருப்பானோ.
இல்லாத பொத்தானை நம்பி
அந்த ஆள் எங்கே தொடங்குவது?
இரண்டு என்று எழுதினேன்,
எண்ணாலும் எழுத்தாலும், காசோலையில் போல.
கீழிருந்து, என்றும் சேர்த்தேன்.
சொல்லித் தந்தவர் பெயருக்குப் பெட்டி இல்லை;
ஓரத்தில் எழுதினேன், ஸுலைஹா.

ஒப்பமிட்டு, புத்தகத்திலிருந்து
பிரதியைக் கிழித்தேன்.

சர்.

திரும்பி என்னைப் பார்த்துச்
சிரித்தான்.